ஏற்காட்டுல வினைல் ஓரம் அலையடிச்சு ஹெட்ல உரசுது, ஃப்ளெக்ஸ் ஒரு பக்கமா ஓடுது. எதை மாத்தணும்?

மலைப்பாதை:
வணக்கம்ங்க. கடை ஏற்காட்டுல. போர்டு, பேனர் அடிக்கிற 5 அடி எக்கோ சால்வென்ட் பிரிண்டிங் மெஷின், ரோல் எல்லாம் சேலத்துல இருந்துதான் மேல வருது. பனிமூட்டம் இறங்குற நாள்ல வினைல் (பசை வெச்ச பிளாஸ்டிக் ஷீட்) போட்டா ரெண்டு ஓரமும் அலை அலையா எழும்பி, மை தெளிக்கிற ஹெட்ல உரசுது, நடுவுல ஒண்ணும் இல்லை. அதே பேட்ச் ரோல் கீழ சேலத்துல சுத்தமா ஓடுது. ஹெட்டை உயர்த்தினா உரசல் நிக்குது, ஆனா சின்ன எழுத்து ஓரம் கலங்குது. ஹெட்டுக்குக் கீழ ஷீட்டைத் தாங்குற ப்ளாட்டன் தட்டோட ஹீட் 45 டிகிரி. ஸ்டார் ஃப்ளெக்ஸ் (பேனர் ஷீட்) போட்டா 4 மீட்டர் தாண்டினதும் இடது பக்கமா நகருது. கோடை விழா போர்டு வேலை கையில இருக்கு. ரோல் மாத்தணுமா, லோடிங் மாத்தணுமா?

செவ்வாய்ப்பேட்டை_பிரிண்ட்:
வினைலுக்கு மட்டும் சொல்றேன். அலையடிக்கிறது வினைல் இல்லைங்க, அதுக்குப் பின்னாடி இருக்கிற, ஒட்டும்போது உரிச்சுப் போடுற லைனர் பேப்பர். சேலத்து வறண்ட காத்துல இருந்த ரோலை மலையில பிரிச்சதும் ரெண்டு ஓரமும்தான் முதல்ல ஈரம் குடிக்கும். ஓரம் நீளும், நடு அப்படியே இருக்கும். மிஞ்சின நீளம்தான் அலையா எழும்புது. அதோட 45 டிகிரி ஹீட் சேர்ந்தா மெல்லிசான 80 மைக்ரான் வினைல் இளகி இன்னும் தூக்கும்.

ரோல் வந்ததும் கவரைப் பிரிக்காம மெஷின் ரூம்லயே ஒரு நாள் வைங்க. ரூம் ஈரப்பதம் 40க்கும் 60க்கும் நடுவுல நிக்கணும். அதைக் காட்டுற மீட்டரைச் சுவர்ல மாட்டாம ரோல் தொங்குற பக்கம் வைங்க, அங்க என்ன இருக்குங்கிறதுதான் கணக்கு. 60 தாண்டினா டீஹியூமிடிஃபையர் இல்லாம மலையில சமாளிக்க முடியாது. வேலை முடிஞ்சதும் ரோலை ராத்திரி முழுக்க மெஷின்ல விடாதீங்க. கழட்டி, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட கவர்ல போட்டு டேப் ஒட்டுங்க.

முன் ஹீட்டர் 35, ப்ளாட்டன் 36–38, பின் ஹீட்டர் 45–48ல ஆரம்பிங்க. மை காயலைன்னா ப்ளாட்டனை ஏத்தாதீங்க, பாஸைக் (ஒரே இடத்து மேல ஹெட் போற தடவையை) கூட்டுங்க. ஹீட்டர் மேல மீடியாவை (ஓடுற ஷீட்டை) நிறுத்தி வெச்சுட்டு ஃபைல் ரிப் பண்ணாதீங்க, அதாவது ஃபைலை பிரிண்ட்டுக்குத் தயார் பண்ணாதீங்க. நின்ன இடம் மட்டும் சுருங்கி, அடுத்த ஓட்டத்துல அங்கதான் ஹெட் முட்டும்.

எழுத்து கலங்குறதுக்குக் காரணம் உயரம். துளி விழுற தூரம் கூடும்போது போற திசையிலயும் வர்ற திசையிலயும் விழுற இடம் தள்ளிப்போகும். ஹெட் உயரத்தைத் தொட்டா பைடைரக்‌ஷன் அலைன்மென்ட்டைத் திரும்ப எடுத்தே ஆகணும். வினைலுக்கு ஹெட்டைக் கீழ வெச்சு, ஓரத்தை அமுக்கிப் பிடிக்கிற மீடியா கிளாம்ப் போடுங்க.

வாங்கும்போது லைனர் என்னன்னு கேளுங்க. ரெண்டு பக்கமும் பிஇ (பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) பூசின லைனர் ஈரத்தை அவ்வளவா குடிக்காது. விலை கூடத்தான், ஆனா ஏற்காட்டுக்கு அதுதான் சரி.

ஐந்துரோடு:
ஃப்ளெக்ஸ் ஒரு பக்கமா ஓடுறது லோடிங் கோளாறு. 5 அடி அகலம், 50 மீட்டர், 340 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 340 கிராம்) ரோல் 26 கிலோ பக்கம் வரும். பின்னாடி ஷாஃப்ட்ல கோர் (ரோல் சுத்தியிருக்கிற குழாய்) ஒரு பக்கம் லூசா உக்காந்தாலே இழுவை சமமில்லாம போகும். ரெண்டு பக்க பிளக்கையும் முழுசா அடிச்சு இறுக்குங்க.

முன் ஓரத்தைக் கட்டிங் ஸ்கேல் வெச்சு நேரா வெட்டுங்க. மேல இருந்து ஷீட்டை அமுக்குற பின்ச் ரோலரைத் தூக்கி, ஒரு மீட்டர் முன்னாடி இழுத்து, நடுவுல ஒரே கையால பிடிங்க. ரெண்டு கையால ரெண்டு மூலையைப் பிடிச்சா எந்தக் கை பலமோ அந்தப் பக்கம் சாயும். இழுத்துப் பிடிச்சபடியே பின்னாடி ரோலைக் கையால திருப்பித் தொய்வை எடுங்க. இடது வலது ரெண்டும் ஒரே விறைப்புல இருந்தா பின்ச் ரோலரை இறக்குங்க. ஒவ்வொண்ணும் கீழ ஷீட்டை நகர்த்துற கிரிட் ரோலருக்கு நேரா இருக்கணும், பாதி ஏறி நின்னா அதுவே இழுத்துட்டுப் போகும். அப்புறம் பிரிண்ட் இல்லாம 3 மீட்டர் ஓட்டி ஓரத்தைப் பாருங்க. 3 மில்லி நகர்ந்தா 10 மீட்டர்ல 10 மில்லி. டேக்-அப்பை (பிரிண்ட் ஆனதைச் சுத்துற ரோலை) இறுக்கி அதைச் சரிக்கட்டப் பார்க்காதீங்க, திரும்ப லோடு பண்ணுங்க.

ஸ்டெப்பும் (ஒவ்வொரு பாஸுக்கும் ஷீட் முன்னாடி நகர்ற அளவு) மீடியாவுக்கு மீடியா மாறும். பாஸுக்கு நடுவுல கருப்புக் கோடு விழுந்தா ஃபீட் குறைவு, வெள்ளைக் கோடுன்னா அதிகம். முழு ரோல்ல எடுத்த ஸ்டெப் ரோல் தீரும்போது பொருந்தாது, எடை குறையக் குறைய இழுவையும் குறையும். பாதி ரோல்ல ஒரு தடவை திரும்ப எடுங்க. ஃப்ளெக்ஸ் முடிஞ்சு வினைலுக்குப் போகும்போது ஹெட் உயரத்தை மாத்த மறக்காதீங்க.

மலைப்பாதை:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். கிளாம்ப் இருக்கு, இதுவரைக்கும் போட்டதில்லை. எஸ்டேட் போர்டு மழையிலயும் பனியிலயும் நிக்கணும். சன்போர்டு (ஃபோம் பிளாஸ்டிக் பலகை) மேல சாதா மோனோமெரிக் வினைல் ஒட்டினா தாங்குமா?

செவ்வாய்ப்பேட்டை_பிரிண்ட்:
ஒரு சீசனுக்குன்னா போதும். வருஷக் கணக்குல நிக்கணும்னா கம்மியா சுருங்குற பாலிமெரிக் வினைல், மேல லேமினேஷன், அடியில ஏசிபி (அலுமினியம் கலந்த) ஷீட். மோனோமெரிக் சுருங்கி ஓரத்துல பசை தெரியும், அதுல அழுக்கு ஒட்டிக் கருப்பு பார்டர் மாதிரி நிக்கும். பிரிண்ட்டை இறுக்கிச் சுத்தி வைக்காம லூசா 24 மணி நேரம் காய விட்டு லேமினேட் பண்ணுங்க. அடர் கலர் நிறைய இருந்தா பனிநாள்ல 48. உள்ள சால்வென்ட் மிச்சம் இருந்தா பசை இளகி ஓரம் சுருளும். ஒட்டுற பரப்பு 10 டிகிரிக்குக் கீழ இருந்தா பெரும்பாலான வினைல் சரியாப் பிடிக்காது. டிசம்பர், ஜனவரியில காலையில ஒட்டாதீங்க. ஷீட்டை உள்ள கொண்டுவந்து துடைச்சு, சூடு ஏறினதும் ஒட்டுங்க.