மேட்டுப்பாளையம் மாடல் ரயில் லேஅவுட்: எச்ஓவா, என்-ஸ்கேலா? எந்த டிராக் வாங்குவது?

திருப்பூர்_தண்டவாளம்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. மொட்டை மாடியில் 12க்கு 10 அடி அறை ஒன்றை வீட்டில் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மேலே சிமெண்ட் ஷீட். அதில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனை, குட்டி ரயில் ஓடும் மாடல் லேஅவுட்டாகச் செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒரு பக்கம் சென்னையிலிருந்து வந்து நிற்கும் நீலகிரி எக்ஸ்பிரஸ், இன்னொரு பக்கம் ஊட்டிக்குக் கிளம்பும் மலை ரயில். எச்ஓவா (நிஜத்தில் 87ல் ஒரு பங்கு), என்-ஸ்கேலா (160ல் ஒரு பங்கு) என்பதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சுங்க வரியோடு சேர்த்தால் டிராக் விலை நன்றாகவே ஏறிவிடுகிறது. வாங்கிவிட்டு மாற்ற முடியாது, அதனால்தான் முதலிலேயே கேட்கிறேன்.

ஈரோடு_ஷெட்:
எச்ஓ எடுங்க தம்பி. 1:87, டிராக் அகலம் 16.5 மில்லிமீட்டர். இந்திய எஞ்சின், இந்தியப் பெட்டி என்று இங்கே வருகிற மாடல்களில் பெரும்பாலானவை இதில்தான். எங்க ஊர் எஞ்சின் ஷெட்டின் டபிள்யூஏபி-4 மின்சார எஞ்சினைச் செய்தால் அதன் பான்டோகிராஃப் (கூரையில் மின்கம்பியைத் தொடும் சட்டம்), பக்கவாட்டுக் கம்பி, ஷெட் பெயர் எழுதிய எழுத்து எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? என்-ஸ்கேலில் அந்த எழுத்தைப் படிக்க லென்ஸ் வேண்டும். அது மட்டுமில்லை, எஞ்சின் கனமாக இருந்தால்தான் சக்கரம் தண்டவாளத்தை அழுத்திக் கரண்டை ஒழுங்காக எடுக்கும்.

நொய்யல்கரை:
ஈரோடு அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் அறையின் அளவை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி, முனையிலுள்ள பஃபரோடு சேர்த்து சுமார் 22.3 மீட்டர். எச்ஓவில் 256 மில்லிமீட்டர், 1:160 என்-ஸ்கேலில் 139. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தில் மூன்று மடங்காவது இருந்தால்தான் ரயில் பார்க்க லட்சணமாகத் திரும்பும். அப்படியென்றால் எச்ஓவுக்கு முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, என்-ஸ்கேலுக்கு 42 சென்டிமீட்டர். உங்கள் நீளச் சுவர் 3.66 மீட்டர். இரண்டு மூலையிலும் வளைவுக்கும் ஓரத்துக்கும் இடம் விட்டால், எச்ஓவில் நேராக நிற்கும் பாதை 2 மீட்டர்கூட வராது. அதில் ஏழு பெட்டி நிற்கும். என்-ஸ்கேலில் 2.6 மீட்டர் கிடைக்கும், பதினெட்டுப் பெட்டி நிறுத்தலாம். நீலகிரி எக்ஸ்பிரஸ் என்று சொல்லிவிட்டு ஏழு பெட்டியை நிறுத்தினால் அது பாசஞ்சர் வண்டிங்க. நீளம் இருந்தால்தான் எக்ஸ்பிரஸ்.

டிராக்குக்கு காட்டோ கம்பெனியின் யூனிட்ராக் வாங்குங்கள். ஜல்லிப் படுகையோடு வருகிறது. மாட்டலாம், கழற்றலாம், பிளான் பிடிக்கவில்லை என்றால் மாற்றிப் போடலாம். 381 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைவு இருக்கிறது. 42க்குக் கொஞ்சம் குறைவுதான், பரவாயில்லை.

ஈரோடு_ஷெட்:
ஸ்டேஷனுக்குள் ரயில் முழுசாகத் தெரிய வேண்டும் என்று யார் சொன்னது? நிஜ பிளாட்பாரத்தில் நின்று பார்க்கும்போது கண்ணுக்கு நான்கைந்து பெட்டிதானே தெரிகிறது. கூரைக்கும் மரத்துக்கும் பின்னால் மீதியை மறைத்துவிடலாம்.

தண்டவாளத்தின் உயரத்தையும் பாருங்க. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள நம் தண்டவாளத்தின் உயரம் 172 மில்லிமீட்டர். எச்ஓவில் அது 2 மில்லிமீட்டருக்கு இம்மியளவு குறைவு. பெக்கோ கம்பெனியின் கோட் 75 தண்டவாளம் (கோட் எண் என்பது அதன் உயரம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 1.9, கிட்டத்தட்ட சரியாக உட்காருகிறது. கோட் 100 என்றால் 2.54, அதை நிஜ அளவுக்குப் பெருக்கினால் 221 மில்லிமீட்டர். என்-ஸ்கேலில் கோட் 80 போட்டால் 325 மில்லிமீட்டர் உயரத் தண்டவாளம்! முழங்கால் உயரத்துக்கு வரப்போகிறது. கண் கீழே இறங்கிப் பார்க்கும்போது அதுதான் முதலில் உறுத்தும்.

இன்னொன்றும் இருக்கிறது. தம்பி இருப்பது திருப்பூர். பனியன் கம்பெனி பஞ்சு காற்றில் பறக்கிற ஊர். அந்த நூல் ஆக்சிலில் சுற்றினால் என்-ஸ்கேல் எஞ்சினின் குட்டி கியர் நின்றுவிடும். எச்ஓவிலும் சுற்றும்தான், ஆனால் இடுக்கியால் எடுத்துவிடலாம்.

நொய்யல்கரை:
கோட் 80 வாங்கச் சொல்லவில்லையே. பெக்கோ கோட் 55 இருக்கிறது. அதன் தண்டவாளத்தின் கீழ்ப்பகுதி ஸ்லீப்பருக்குள் புதைந்திருக்கும், வெளியே தெரிவது 1.4 மில்லிமீட்டர்தான், பிடிமானமும் உறுதி. 1.4ஐப் பெருக்கினால் 224, நீங்கள் சொன்ன கோட் 100க்குச் சமம். கோட் 100ல் எத்தனை பேர் சந்தோஷமாக ஓட்டுகிறார்கள்! பஞ்சு விஷயம் நியாயம்தான். அதற்கு அறைக்கு வலை அடிக்க வேண்டும், ஓட்டாத நேரத்தில் துணி போட்டு மூட வேண்டும். அதற்காக ஸ்கேலை மாற்றுவதா?

லேத்_கோவை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு பேரும் பெரிய ரயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி கேட்டது மேட்டுப்பாளையம். அந்த ஊரின் அழகே பிராட்கேஜும் மீட்டர்கேஜும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான். அந்த வித்தியாசம் டிராக்கில் தெரியாவிட்டால் லேஅவுட்டின் உயிரே போச்சு.

நம் பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர். 1:87ல் 19.26 வர வேண்டும், கடையில் கிடைப்பது 16.5. என்-ஸ்கேலில் 10.5 வர வேண்டும், கிடைப்பது 9. இரண்டுமே வெளிநாட்டு 1435 மில்லிமீட்டர் பாதைக்காகச் செய்தவை, அதனால் இரண்டிலும் ஒரே அளவு குறைகிறது. இதில் எந்த ஸ்கேலும் உயர்த்தி இல்லை. மீட்டர்கேஜுக்கு எச்ஓவில் 11.5 வேண்டும், கிடைப்பது 12. என்-ஸ்கேலில் 6.25 வேண்டும், இன்னும் சின்ன இசட்-ஸ்கேலின் 6.5 டிராக் கிடைக்கிறது. மீட்டர்கேஜ் மட்டும் கிட்டத்தட்டச் சரி.

இப்போது நிஜத்தில் ஒன்று மற்றதைப் போல 1.68 மடங்கு. கடை டிராக்கைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 1.38 மடங்குதான். பெரிய பாதை இளைத்துப்போய் சின்னதோடு ஒட்டிக்கொள்கிறது. நான் சொல்வது: பிராட்கேஜ் பாதையை 19.26ல் கையால் போடுங்கள். கோட் 75 தண்டவாளம் தனியாகக் கிடைக்கிறது. செம்பு பூசிய பிசிபி (சர்க்யூட் போர்டு) பட்டையை ஸ்லீப்பராக வெட்டி சால்டர் வைத்தால் போதும். ஆக்சிலை நான் கடைந்து தருகிறேன், கோவையில் லேத்துக்கா பஞ்சம்? பெட்டியின் அகலம் எச்ஓவில் 37 மில்லிமீட்டர், அதற்கடியில் சக்கரத்தைத் தாராளமாக அகட்டலாம்.

ஈரோடு_ஷெட்:
லேத் அண்ணா, உங்க கைவேலை எனக்குத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பெட்டிக்கு ஆக்சில் மாற்றுவது ஒன்று, மோட்டாரும் கியரும் இருக்கிற எஞ்சினுக்கு மாற்றுவது வேறு. பாதை பிரியும் பாயிண்ட் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும். நாளைக்கு தம்பி எஞ்சினைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தால் என் டிராக்கில் ஓடாது. விற்கவும் முடியாது. முதல் லேஅவுட்டுக்கு இது வேண்டாம்.

நொய்யல்கரை:
இதில் ஈரோடு அண்ணன் பக்கம் நிற்கிறேன்.

திருப்பூர்_தண்டவாளம்:
லேத் அண்ணா சொன்ன 1.38 கணக்கைப் படித்ததிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. எனக்கு நீளமான ரயிலைவிட அந்த இரண்டு ரயிலும் பக்கத்தில் நிற்பதுதான் முக்கியம் என்று இப்போது புரிகிறது. மலை ரயிலுக்கு அதன் எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின், பல்சக்கரத் தண்டவாளம் எல்லாம் எப்படி?

லேத்_கோவை:
பல்சக்கரம் கல்லாறிலிருந்துதான் தொடங்குகிறது. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனிலும் அதுவரைக்கும் சாதாரணப் பாதை. ஸ்டேஷனை மட்டும் செய்தால் உங்களுக்கு அது தேவையே இல்லை. மலையும் வேண்டும் என்றால் அந்தப் பாதையில் 12க்கு 1 அளவில் ஏற்றம், அதாவது 8 சதவீதம். மாடலில் 3 சதவீதம் தாண்டினாலே எஞ்சின் வழுக்கும். பெமோ கம்பெனி சுவிஸ் மலை ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் அகலத்தில் பல்சக்கர டிராக் போடுகிறது, அதுவும் நம்முடைய மாதிரியே ஆப்ட் என்ற பல்சக்கர முறை. என்-ஸ்கேலில் இந்த வசதியைத் தேடினால் அலைச்சல்தான்.

எக்ஸ் கிளாஸைக் கையால்தான் கட்ட வேண்டும். மலையில் எஞ்சின் அடிவாரப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். அதனால் பாயிண்டில் கொஞ்சம் நெருடல் இருந்தாலும் முதல் பெட்டி தடம் புரளும். குட்டி எஞ்சின் வேறு, பாயிண்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் முனையான ஃபிராக் பிளாஸ்டிக்காக இருந்தால் அங்கே கரண்ட் விட்டுப்போய் நின்றுவிடும். ஃபிராக்கிலும் கரண்ட் பாயும் லைவ் ஃபிராக் பாயிண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

நொய்யல்கரை:
தம்பியின் மனசு எச்ஓவுக்குப் போய்விட்டது போலத் தெரிகிறது. சரி, ஆனால் சிமெண்ட் ஷீட் அறையை யாரும் யோசிக்கவில்லை. வளைத்துப் போடும் ஃபிளெக்ஸ் டிராக் ஒரு துண்டு 914 மில்லிமீட்டர். இருபது டிகிரி சூடு ஏறினால் நிக்கல் சில்வர் தண்டவாளம் 0.3 மில்லிமீட்டர் நீளும். சித்திரை மத்தியானத்துக்கும் மார்கழி விடியலுக்கும் அந்த அறையில் அதைவிட அதிக வித்தியாசம் இருக்கும். ஜாயிண்ட் எல்லாவற்றையும் சால்டர் வைத்து இறுக்கினால் சித்திரையில் பாதை நெளிந்து நிற்கும். துண்டுக்குத் துண்டு அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகக் கரண்ட் ஒயர் கொடுங்கள். மலிவாக இருக்கிறது என்று ஸ்டீல் தண்டவாளம் வாங்கினால் மழைக்காலத்தில் துரு பிடிக்கும். அடியில் தண்ணீர் தாங்கும் பிளைவுட் போடுங்கள், பார்ட்டிகிள் போர்டு ஊதிவிடும்.

ஸ்கேல் விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. ஏழு பெட்டி எனக்குப் போதாது.

திருப்பூர்_தண்டவாளம்:
ரொம்ப நன்றிங்க. பிராட்கேஜுக்கு 16.5, மலை ரயிலுக்கு 12, இரண்டும் பெக்கோ கோட் 75 என்று முடிவு செய்திருக்கிறேன். வாங்குவதற்கு முன்னால் பாயிண்ட் டெம்ப்ளேட்டை முழு அளவில் அச்செடுத்துத் தரையில் ஒட்டி, வளைவு கதவில் முட்டுகிறதா என்று பார்க்கிறேன். லேத் அண்ணா, பிளாட்பாரத்தை ஒட்டிய ஒரே ஒரு பிராட்கேஜ் பாதையை மட்டும் 19.26ல் போட்டு, ஓடாத நான்கு பெட்டியை அதில் நிரந்தரமாக நிறுத்தி வைக்கலாமா? அப்படியென்றால் எத்தனை ஆக்சில் கடைய வேண்டும்?

லேத்_கோவை:
ஐசிஎஃப் பெட்டிக்கு நான்கு ஆக்சில். பதினாறு போதும். பெட்டியில் ஒன்றைக் கொண்டுவாங்க, பழைய ஆக்சிலின் முனையை அளந்துகொண்டு கடைகிறேன்.