ஒரே நாளில் லக்சர்: அம்மாவால் முடியுமா?

கேள்வி (பெருந்துறை):
வரும் தை மாதம் 68 வயதான அம்மாவுடன் எகிப்தின் லக்சர் நகருக்குச் செல்கிறோம். வழிகாட்டியுடன் ஒரே நாளில் கர்னாக் கோயில், அரசர்களின் பள்ளத்தாக்கு, ஹட்செப்சுட் கோயில் மூன்றையும் காட்டுவதாகச் சொல்கிறார்கள். சென்னிமலைப் படிகளைப் போன ஆண்டு வரை ஏறியவர்தான். ஆயினும் தயக்கமாக இருக்கிறது.

பதில் (கோபி):
தை மாதம் நல்ல தேர்வு, வெயில் அங்கே அப்போது தாங்கும்படி இருக்கும். விடியற்காலையிலேயே நைல் நதியின் மேற்குக் கரைக்குச் சென்று பள்ளத்தாக்கைப் பார்த்துவிடுங்கள். பொது நுழைவுச்சீட்டில் அங்குள்ள பண்டைய மன்னர்களின் கல்லறைகளில் மூன்றைப் பார்க்கலாம். 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த துட்டன்காமன் கல்லறைக்குத் தனிக் கட்டணம் உண்டு, அந்தக் கல்லறை மிகச் சிறியது என்பதால் எனக்கு ஏமாற்றமே. மூன்றாம் துட்மோஸின் கல்லறை மலைப்பிளவில் உயரத்தில் இருப்பதால், செங்குத்தான ஏணிப்படிகளை அம்மா தவிர்க்கட்டும். நான்காம் ராமேசஸின் கல்லறையில் நடப்பது எளிது. கல்லறைக்குள் வழிகாட்டிகள் பொதுவாக விளக்கம் சொல்வதில்லை என்பதால், சந்தேகங்களை வெளியிலேயே கேட்டுவிடுங்கள்.

பதில் (சென்னிமலை):
கர்னாக்கின் 134 தூண்கள் கொண்ட மண்டபத்துக்கு மாலையில் நேரம் ஒதுக்குங்கள். பேரூர்த் தூண்களின் நுணுக்கம் அங்கில்லை, ஆனால் அந்தப் பருமனைப் பார்த்து வாயடைத்துப் போனேன். இன்னொன்று: எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள பழைய துறைமுகமான குசைர் அல்-காதிமில், தமிழி (தமிழ் பிராமி) எழுத்து பொறித்த பானை ஓடு கிடைத்தது. நம் கொடுமணல் அகழாய்விலும் அத்தகைய ஓடுகள் கிடைத்திருப்பதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஹட்செப்சுட் கோயிலின் சரிவுப்பாதையை மட்டும் அங்கே போய் முடிவு செய்கிறோம்.