குட்டையில் தண்ணீர் கிடக்கிறது, யானை ஏன் சாகிறது?

பீடோங் மாட்டுக்காரன்:
வணக்கம். செம்பனைத் தோட்டத்துக்குள் மாடு மேய்க்கிறவன் நான். நம் மலேசியாவில், கெடா மாநிலத்தில் பிப்ரவரி வெயிலுக்கே மாடுகளுக்கு விலா எலும்பு தெரிகிறது. நேற்று ஒரு வீடியோவில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே காட்டைக் காட்டினார்கள். போர் போட்டு, சோலாரில் தண்ணீர் இறைத்துக் குட்டையை நிரப்புகிறார்கள். ஆனால் குட்டைக்குப் பக்கத்திலேயே யானை செத்துக் கிடக்கிறது. 2019ல் அந்த நாட்டில் 200க்கு மேல் செத்ததாம். தண்ணீரை வைத்துக்கொண்டு எப்படிச் சாகும்?

பம்புக்காரர்:
தம்பி, அதே ஜிம்பாப்வேயில் பூலவாயோ நகரத்துப் பக்கம் சில வருஷம் பம்பு பொருத்தும் வேலை பார்த்தேன். பசிதான் கொல்கிறது. ஹ்வாங்கேயில் பெரும்பகுதிக்கு வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. 1930களிலிருந்தே இறைத்துத்தான் ஊற்றுகிறார்கள். மே முதல் அக்டோபர் வரை மழை பேருக்குத்தான். யானை ஒரு நாளைக்கு 100, 200 லிட்டர் குடிக்கும். அதனால் குட்டையை விட்டு ரொம்ப தூரம் போக முடியாது. எல்லாம் அங்கேயே சுற்றிச் சுற்றி மேய்ந்தால் என்ன மிஞ்சும்? நான் போன குட்டை ஒன்றில் கரையைச் சுற்றி வெறும் மணல். மோப்பானே மரமெல்லாம் முழங்கால் உயரத்துக்கு முறிந்து, பட்டை உரிந்து நின்றது. அக்டோபரில் தழை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். கொம்பன் நடந்துவிடும், குட்டியால் முடியாது. குட்டியை விட்டுத் தாயும் போகாது.

இன்னும் நாலு பம்பு போடலாமே என்பீர்கள். போட்டால் அதுவரை மேயாமல் கிடந்த இடமும் காலி. பம்பு பொருத்தியவனே சொல்கிறேன்!

அங்கே ஊர் மாட்டுக்கும் இதே பாடுதான். சோளம் அறுத்ததும் தட்டையைக் கொண்டுவந்து பரண் மேல் ஏற்றிவிடுவார்கள். கீழே ஆடுகள் முன்னங்காலைத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கும். அப்புறம் அனா மரம் என்று ஒன்று, மழைக்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு வறண்ட காலத்தில் பச்சையாக நிற்கும். அதன் காய்க்கு மாடு, ஆடு, யானை எல்லாம் போட்டி. ஆறு வற்றினால் யானை மணலைத் தோண்டிக் குடிக்கும். மாட்டுக்கு நாம்தான் தோண்டித் தகரத்தில் மொண்டு ஊற்ற வேண்டும்.

கூலிம் டீச்சர்:
அண்ணே, 2024ல் நமீபியா 83 யானையோடு 723 மிருகங்களைச் சுடப் போவதாக அறிவித்ததே, அதுவும் இதற்காகவா?

பம்புக்காரர்:
ஆமாம் டீச்சர். இறைச்சி பஞ்சத்தில் இருந்த ஜனங்களுக்கு, மிஞ்சிய மேய்ச்சல் மற்ற மிருகங்களுக்கு. அரசாங்கமே சொன்ன காரணம் அது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அங்கே பட்டினி கிடந்தவர்களிடம் நான் போய் என்ன பேச?

பீடோங் மாட்டுக்காரன்:
சரிண்ணே, புரிந்தது. என் மாட்டுக்கு என்ன வழி?

பம்புக்காரர்:
உனக்கென்னப்பா, தலைக்கு மேலேயே தீவனம். வெட்டிப் போட்ட செம்பனை மட்டையைப் பொடியாக நறுக்கி பிகேசி, அதாவது செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு, கலந்து கொடு. செம்மறி இருந்தால் அதற்கு பிகேசி அதிகம் வேண்டாம், அதிலுள்ள செம்பு ஈரலைக் கெடுத்துவிடும். புல்லைக் கொல்ல மருந்து அடித்த பிளாக் எது என்று தோட்டத்து மண்டோரிடம் (கங்காணி) கேட்டுவிட்டு மாட்டை ஓட்டு.