ஜோம்பி படத்தில் 'மற்றமை' தேடுவது வீண் வேலையா?

நள்ளிரவுக்காட்சி:
ஜோம்பி படம் என்றாலே இனம், காலனியம், மற்றமை (ஒரு கூட்டத்தை 'நம்மவர் இல்லை' என்று ஒதுக்கிப் பார்ப்பது) என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். ஓடு, கதவை அடை, தலையில் சுடு. இந்த ஜானருக்கு, அதாவது இந்தப் பட வகைக்கு, விதி இவ்வளவுதான். 1968இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தின் நாயகன் கறுப்பினத்தவர் என்பதை வைத்து எவ்வளவோ எழுதியாயிற்று. இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ சொன்ன காரணம் என்ன? தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ்தான் நன்றாக நடித்தார், அவ்வளவுதான்.

வாசுகி_திருச்சி:
நீங்கள் பாதியிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். ஜோம்பி பிறந்தது கரீபியன் நாடான ஹைட்டியில். பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் கொத்துக்கொத்தாகச் செத்த இடம் அது. செத்த பிறகாவது மூதாதையர் மண்ணான ஆப்பிரிக்காவுக்குத் திரும்பலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. செத்தவனையும் ஒரு மந்திரவாதி எழுப்பி மறுபடி வேலை வாங்கினால்? அந்தப் பிணம்தான் ஜோம்பி. ஜோம்பி வந்து கடிக்கும் என்று அங்கே யாரும் பயப்படவில்லை. தான் ஜோம்பி ஆகிவிடக் கூடாதே என்பதுதான் பயம்.

அந்த மக்கள் போராடி 1804இல் விடுதலை வாங்கினார்கள். 1915இல் அமெரிக்கப் படை உள்ளே நுழைந்து 1934 வரை இருந்தது, சாலை போட ஊர்க்காரர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்தது. அந்தக் காலத்தில்தான், 1932இல், 'ஒயிட் ஜோம்பி' வந்தது. அதில் ஒரு சர்க்கரை ஆலைக் காட்சி. ஜோம்பிகள் ஆலையைத் தள்ளிக்கொண்டே சுற்றுகிறார்கள். ஒருவன் அரவைக்குள் விழுகிறான், மற்றவர்கள் நிற்கக்கூட இல்லை. ஆனால் படத்தின் கவலை எல்லாம் ஒரு வெள்ளைக்கார மணப்பெண் ஜோம்பியாகிவிட்டாளே என்பதுதான்! கறுப்பின உழைப்பாளியின் பயத்தை எடுத்துக்கொண்டு அவனையே பயமுறுத்தும் பொருளாக்கிவிட்டார்கள். மற்றமை என்று நான் சொல்வது இதைத்தான்.

நள்ளிரவுக்காட்சி:
வரலாறு சரிதான் அக்கா, ஆனால் ரொமேரோ படத்தில் ஹைட்டி எங்கே? மந்திரவாதியும் இல்லை, வேலை வாங்கும் முதலாளியும் இல்லை. ரிச்சர்ட் மேத்திசன் 1954இல் எழுதிய ரத்தக்காட்டேரி நாவல்தான் தூண்டுதல் என்று ரொமேரோவே சொல்லியிருக்கிறார். மனிதரைத் தின்னும் பிணக்கூட்டம் ஒரு புதுத் தொல்படிமம், கதைக்குக் கதை திரும்ப வரும் அடிப்படை உருவம். நம்ம ஊர் 'மிருதன்' (2016) அந்த வழியில் வந்ததுதான். அதில் போய்க் கரும்புத் தோட்டத்தைத் தேடுவீர்களா?

பழைய_புரொஜெக்டர்:
தம்பி, ரொமேரோ படத்தின் கடைசிக் காட்சியை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். இரவு முழுக்கப் பிணங்களோடு போராடித் தப்பியவன் நாயகன் பென் ஒருவன்தான். காலையில் துப்பாக்கியோடு வரும் வெள்ளைக்காரக் கும்பல் அவனையும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. அதன் பிறகு அசையும் படம் கிடையாது. கொக்கி போட்டு உடலை இழுப்பது, விறகில் போடுவது எல்லாம் செய்தித்தாள் புகைப்படம் போலப் புள்ளிபுள்ளியாக வரும். அமெரிக்கத் தெற்கில் கும்பல் கொலைகளைப் படம் பிடித்து அஞ்சலட்டையாக விற்றதை அறிந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, பென் எழுத்தில் முரட்டு லாரி ஓட்டுநர். வசனத்தை மாற்றி அவனைப் பக்குவமான ஆளாக்கியது ஜோன்ஸ். இயக்குநர் யோசிக்கவில்லை என்றால் நடிகரும் யோசிக்கவில்லை என்று ஆகுமா?

நள்ளிரவுக்காட்சி:
ஒரு படத்துக்கு ஒத்துக்கொள்ளலாம் அண்ணே. ஒரு ஜானருக்கே அதைப் பொருத்துவதுதான் இடிக்கிறது. இந்தப் படம் ஏன் இப்படிப் பரவியது தெரியுமா? முதலில் வேறு தலைப்பு வைத்திருந்தார்கள். தலைப்பு அட்டையை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் போட்டார்கள், விற்றார்கள். ஒரு அட்டைப் பிழை செய்த வேலையை மனித மனத்தின் ஆழத்தில் தேடுகிறோம்.

வாசுகி_திருச்சி:
நல்ல தகவல், என் வாதத்துக்கும் உதவுகிறது. எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொண்டார்கள், சரி. எதை எடுத்துக்கொண்டார்கள்? முகமில்லாத கூட்டத்தையும் குற்றவுணர்வே இல்லாமல் சுடும் உரிமையையும். பழைய கௌபாய் படங்களில் செவ்விந்தியர்கள் வண்டிகளைச் சூழ்ந்தபோது இருந்த உரிமைதான் அது. செத்தவன் என்று பெயர் வைத்துவிட்டால் இன்னும் வசதி. சுடுகிறவனே தப்பாகச் சுட்டுவிட்டான் என்ற அந்த முடிவைப் பின்னால் வந்தவர்களில் எத்தனை பேர் தொட்டார்கள்?

நள்ளிரவுக்காட்சி:
தொட்டால் வசூல் படுத்துவிடும். அதற்குக் காரணம் டிக்கெட் வாங்குகிறவர், காலனியம் இல்லை.

பழைய_புரொஜெக்டர்:
வசூலா? சுமார் 1,14,000 டாலரில் எடுத்த படம், அந்த முடிவோடுதான் கோடிக்கணக்கில் சம்பாதித்தது. வேறு காரணம் கொண்டு வாருங்கள் தம்பி.