மகள் பஸ் மாறி ஏறிவிட்டாள், நான் போகவில்லை. தவறா?

திருநகர் தாய்:
என் மகளுக்கு வயது 15, பத்தாம் வகுப்பு. சனிக்கிழமை முதன்முறையாகத் தனியே மதுரை புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனாள். திரும்பும்போது பெரியார் பேருந்து நிலையத்தில் பலகையைச் சரியாகப் பார்க்காமல் அவனியாபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். வில்லாபுரத்தில் இறங்கி, "அம்மா, வந்து கூட்டிக்கொண்டு போ" என்று போன் செய்தாள். "யாரையாவது கேட்டுப் பெரியாருக்கே திரும்பிப் போ, அங்கிருந்து நம் பஸ்ஸைப் பிடி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தாள். அதுவரை நான் வாசலைவிட்டு நகரவில்லை. மாமியார் இன்னும் என்னோடு பேசவில்லை. நான் செய்தது தவறா?

மேலூர்க்காரன்:
தவறுதான், சகோதரி. தவிக்கவிட்டால் பிள்ளை உறுதிப்படும் என்பதை நான் நம்புவதில்லை. என் 14 வயதில் விடியற்காலை மூன்று மணிக்குப் பூ மார்க்கெட்டில் அப்பாவோடு மல்லிகை மூட்டை இறக்குவேன். வகுப்பில் உட்கார்ந்தால் கண் சொருகும். கணக்கில் இரண்டு முறை தோற்றேன். "கஷ்டப்பட்டதால்தான் இன்று நன்றாக இருக்கிறாய்" என்கிறார்கள் ஊரில். இல்லை. அவ்வளவு கஷ்டத்திலும் எப்படியோ தப்பினேன், அவ்வளவுதான். கூடவே மூட்டை இறக்கிய என் கூட்டாளி தப்பவில்லை, எட்டாவதோடு நின்றுவிட்டான். அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

திருநகர் தாய்:
படிக்கவே மனம் கனக்கிறது, அண்ணா. ஆனால் உங்களுக்கு அன்று வேறு வழி இல்லை. அவளுக்குக் கையில் போன், பையில் பணம், வீட்டில் நான். வயிற்றுப்பாட்டுக்கு மூட்டை சுமப்பதும் பஸ் மாறி ஏறியதைத் தானே சரிசெய்வதும் ஒன்றா?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
அம்மா, நீங்கள் செய்தது சரி. முப்பது ஆண்டுகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். தொண்ணூறு மதிப்பெண் வாங்கும் பிள்ளை, வங்கியில் பணம் கட்டும் சீட்டை நிரப்பத் தெரியாமல் அப்பாவின் முகத்தைப் பார்க்கும். பஸ்ஸில் அனுப்பப் பயப்படும் அதே வீடுகளில் பதினாறு வயதுப் பையனுக்குப் பைக் சாவி கிடைத்துவிடுகிறது. 18 வயது ஆகாமல் கியர் வண்டிக்கு உரிமமே கிடையாது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சிறுவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பெண்பிள்ளைக்கோ சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணமே இல்லை. அதில் ஏற விடமாட்டோம் என்கிறோம். எனக்கு இதுதான் வேதனை.

மேலூர்க்காரன்:
இரண்டும் ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். பஸ் ஏறட்டும், வழி தவறட்டும், கேட்டுக் கேட்டு வீடு வரட்டும். நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். ஆனால் போனை ஏன் வைத்தீர்கள்? வில்லாபுரத்தில் நின்றபோது எப்படி இருந்தது என்று அவளைக் கேட்டீர்களா?

திருநகர் தாய்:
இன்று இரவுதான் கேட்டேன், அண்ணா. நிறுத்தத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதாளாம். பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா பக்கத்தில் உட்காரவைத்து, பெரியார் பஸ் வந்ததும் கைகாட்டி ஏற்றிவிட்டாராம். மூன்று நாளாக இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. வரும் சனிக்கிழமை மறுபடியும் போகிறாள். கூட வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். "போனை மட்டும் வைத்துவிடாதே, அம்மா" என்றாள்.