ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்: ஓநாய் வந்து காப்பாற்றினால் அது வணிகக் கதையா?

ஆப்பிள்மூட்டை:
2024இல் வந்த புதிய ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப் என்ற ஜப்பானிய அனிமே தொடரை நேற்று இரவு முடித்தேன். 25 எபிசோடு. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: லாரன்ஸ், ஊர் ஊராகச் சரக்கு கொண்டுபோய் விற்கும் வண்டி வியாபாரி. ஹோலோ, ஒரு கிராமத்தின் கோதுமை விளைச்சலைக் காத்துவந்த ஓநாய்; பெண் உருவில் நடமாடுகிறாள். ஊர்க்காரர்கள் இப்போது அவளை மதிப்பதில்லை. அவன் வண்டியில் ஏறிக்கொண்டு, வடக்கே இருக்கும் சொந்த ஊருக்குக் கூட்டிப்போ என்கிறாள். வழியெல்லாம் சந்தை, கடன், வரி, நாணயமாற்று. பொருளாதாரத்தை இவ்வளவு மதித்த ஃபேண்டஸி அனிமே வேறில்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்கன்:
வந்துவிட்டேன். எனக்குப் பிழைப்பே கணக்கு எழுதுவதுதான், அதனால் ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். முதல் கதையில் வெள்ளி நாணயத்தைப் பற்றிப் பேசிப் பேசிக் கடைசியில் என்ன ஆகிறது? ஹோலோவைக் கடத்துகிறார்கள், சுரங்கப்பாதையில் ஓட்டம், அவள் யானை போலப் பெரிய ஓநாயாக மாறுகிறாள், எல்லோரும் நடுங்குகிறார்கள். இரண்டாவது கதையிலும் கடன், தங்கக் கடத்தல், மறுபடி ஓநாய். வட்டியும் முதலுமாகக் கடனை அடைத்தது அவள் பல்தான். இதற்குப் பொருளாதாரம் என்று பெயரா?

தராசு:
கணக்கன் சார், நாணயக் கதையை இரண்டு வரியில் தள்ளிவிட்டீர்களே. ட்ரென்னி வெள்ளி நாணயத்தில் வெள்ளி கூடப்போகிறது என்று ஒரு பையன் லாரன்ஸிடம் ரகசியம் சொல்கிறான். நாணயங்களைக் குலுக்கி ஓசையைக் கேட்டே ஹோலோ சொல்லிவிடுகிறாள், புதிதாக அடித்ததில் வெள்ளி குறைவு என்று. மதிப்பு இறங்கப்போகும் காசை ஒரு பெரிய வணிக நிறுவனம் ஏன் வாங்கிக் குவிக்க வேண்டும்? அரசருக்குப் பண முடை. பழைய காசு பத்தை உருக்கி, செம்பு சேர்த்துப் பதின்மூன்றாக அடித்தால் மூன்று லாபம். ஆனால் உருக்கப் பழைய காசு வேண்டுமே? அதை மொத்தமாகக் கையில் வைத்திருப்பவன் அரசரிடம் சலுகை கேட்டு வாங்கலாம். இந்த முடிச்சை நான் வேறு எந்தக் கார்ட்டூனிலும் பார்த்ததில்லை.

இது வெறும் கற்பனையும் இல்லை. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1544 முதல் இதையே செய்தார். காசு தேயத் தேய அதிலிருந்த அவர் முகத்தின் மூக்கில் வெள்ளி போய்ச் செம்பு தெரிந்ததால் ‘செம்பு மூக்கன்’ என்று பட்டப்பெயரே வந்தது. நம் கொங்குப் பக்கம் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. கி.பி. 64இல் ரோமப் பேரரசர் நீரோ வெள்ளியைக் குறைத்தபின் அடித்த காசை இங்கே வாங்கத் தயங்கினார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு.

கணக்கன்:
வரலாற்று வகுப்புக்கு நன்றி. நாணயத் தந்திரம் பொய் என்று நான் சொல்லவே இல்லை. அந்தத் தந்திரம் கதையை முடித்துவைக்கவில்லை என்கிறேன். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஆப்பிள்மூட்டை:
நான் சொல்கிறேன். கவசக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தராசு வைத்த மேசையைச் சாய்த்துவைத்து ஏமாற்றிய ஒரு வணிகரை ஹோலோ பிடித்துவிடுகிறாள். அந்தப் பிடியை வைத்து, லாரன்ஸ் தன் கையிருப்பை மீறிக் கடனுக்குக் கவசம் வாங்கிக் குவிக்கிறான். வடக்குப் படையெடுப்பு ரத்தாகிறது, கவசத்தை யாரும் சீந்துவதில்லை. அப்புறம் ரூவின்ஹைகன் நகரில் தெரிந்த வியாபாரி ஒவ்வொருவர் வாசலிலும் போய்க் கடன் கேட்கிறான். கடன் கேட்க வரும்போதே ஒரு பெண்ணையும் கூட்டிவருகிறாயா என்று விரட்டுகிறார்கள். ஆறுதலாக நீண்ட ஹோலோவின் கையை அவன் தட்டிவிடுகிறான். தட்டியபின் அவன் முகத்தைப் பாருங்கள். அந்த ஒரு நொடிக்காகவே இரண்டு தடவை பார்த்தேன்.

கணக்கன்:
நல்ல காட்சிதான். ஆனால் அது காதல் காட்சி.

ஆப்பிள்மூட்டை:
இல்லை ப்ரோ, அது முழுக்கக் கடன் காட்சி! அவர்கள் பணம் கொடுக்காதது பணம் இல்லாததால் அல்ல. இவன் திருப்பித் தருவானா என்று ஆளைப் பார்த்து எடை போடுகிறார்கள். ஈட்டுப் பத்திரமோ வங்கியோ இல்லாதவனுக்குப் பெயர்தான் முதல். அது போனால் வண்டியும் போச்சு.

ஈரவிறகு:
இடையில் நுழைகிறேன். குமெர்சுன் நகரத்தில் நடக்கும் பகுதியைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? அதில் ஓநாய் உருவமே வராது. அமாத்தி என்ற இளம் மீன் வியாபாரி, 1000 வெள்ளி கொடுத்து ஹோலோ லாரன்ஸுக்குத் தர வேண்டிய கடனை அடைத்து அவளை மணப்பேன் என்று சவால் விடுகிறான். ஊரில் பைரைட் என்ற, தங்கம்போல் மின்னும் கல்லுக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. கையில் இல்லாத கல்லை லாரன்ஸ் அவனுக்கு விற்கிறான்: பணம் இப்போது, சரக்கு நாளை. நாளைக்குள் விலை விழுந்தால் அமாத்தி காலி. சண்டையே இல்லாமல் நெஞ்சு படபடத்தது எனக்கு.

கணக்கன்:
அது இருப்பதிலேயே நல்ல பகுதி, மறுக்கவில்லை. ஆனால் விலையை உடைத்தது யார்? லாரன்ஸ் ஊரெல்லாம் கல் தேடி அலைகிறான், போதுமான அளவு கிடைக்கவில்லை. கடைசியில் ஹோலோ கொண்டுவந்த சரக்குதான் சந்தையைச் சாய்க்கிறது. ஓநாய் உருவில் வராவிட்டால் என்ன, காப்பாற்றியது அவள்தானே?

தராசு:
இல்லாததை விற்றவனுக்குச் சரக்கு யாரிடமிருந்து வரும் என்பதுதானே அந்த ஆட்டமே! அவள் அதைச் சந்தையில் விற்றுத்தான் விலையை இறக்கினாள், கடித்து அல்ல.

ஈரவிறகு:
கடைசியில் வரும் டெரெயோ கிராமப் பகுதி கொஞ்சம் இழுவை. இருந்தாலும் தானியத்தில் நச்சு இருக்கிறது என்று சொல்லி, பக்கத்து நகரம் வாங்கியதை எல்லாம் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேட்பது, கிராமத்தார் அதை ஏற்கெனவே செலவழித்துவிட்டது... அந்தப் பயம் உண்மையானது. விவசாய வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் புரியும்.

கணக்கன்:
சரி, ஒரு கேள்வி. 2009இல் வந்த, பழைய அனிமேயின் இரண்டாம் சீசனின் பின்பாதியில் லெனோஸ் நகரத்து மென்மயிர்த் தோல் வியாபாரம் வருகிறதாமே, புதிய தொடரின் இந்த 25 எபிசோடு அங்கே போகவில்லை. அதிலும் ஓநாய் பாய்கிறதா?

ஆப்பிள்மூட்டை:
பாயாது. அங்கே முதலுக்காக லாரன்ஸ் ஹோலோவையே அடகு வைக்கிறான். பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள், காத்திருக்கிறேன்.