கர்ப்பப்பை எடுத்து ஐந்து மாதம், ஐந்தரை கிலோ ஏறிவிட்டது: எங்கிருந்து ஆரம்பிப்பது?

பவளமல்லி:
அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 46, உயரம் 154 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டிக்காக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். அப்போது எடை 62 கிலோ, இப்போது 67.5. சர்க்கரை, பிரஷர் கிடையாது. தையலுக்கு மேலே வயிறு மடிந்து தொங்குகிறது. "கர்ப்பப்பை எடுத்தா உடம்பு ஊதத்தான் செய்யும்" என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். இது ஹார்மோனால் ஏறிய எடையா, சாப்பாட்டால் ஏறியதா? கொள்ளுக் கஞ்சி குடித்தால் குறையுமா? ஆபரேஷனுக்குப் பின் வயிற்றில் கட்டிய பெல்ட்டை இன்னும் போட வேண்டுமா? வயிறு குறைய சிட்-அப் செய்யலாமா?

நுண்நோக்கி:
முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். "டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ." (டி.ஏ.எச். என்றால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுப்பது) என்றிருந்தால் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளும் போய்விட்டன. பி.எஸ்.ஓ.வுக்குப் பதில் வெறும் "பி.எஸ்." என்றிருந்தால் கர்ப்பப்பையோடு கருக்குழாய்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள், சினைப்பைகள் உள்ளேதான் இருக்கின்றன. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் உங்கள் முதல் கேள்விக்கான பதிலே அதில்தான் இருக்கிறது.

கர்ப்பப்பை என்பது தசைப்பை. அது இல்லாததால் மட்டும் கொழுப்பு சேராது. ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பது சினைப்பை. இரண்டையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் சில நாட்களிலேயே சரிந்துவிடும். தசை குறையும், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறும், ராத்திரி உடம்பு கொதித்து வியர்த்து தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் பசி கூடும். 45 வயதுக்குள் இப்படி நடந்தவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லாவிட்டால், இயல்பான மெனோபாஸ் வயது வரை ஹார்மோன் சிகிச்சை தருவதே வழக்கம். கர்ப்பப்பை இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அந்த மாத்திரையால் குண்டாகிவிடும் என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

சினைப்பை இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மெனோபாஸ் வருகிறது. மற்றவர்களுக்கு மாதவிலக்கு நிற்பதை வைத்துத் தெரிந்துவிடும். உங்கள் அக்காவுக்கு அந்த அடையாளமே இல்லை. திடீரென உடம்பு கொதிப்பது, படபடப்பு, தூக்கமின்மை இருக்கிறதா என்று கேளுங்கள்.

பவளமல்லி:
பார்த்துவிட்டேன், "பி.எஸ்." மட்டும்தான். கொதிப்பு எதுவும் இல்லை என்கிறாள். சாப்பாட்டைக் கேட்டால் எனக்கே தலை சுற்றுகிறது: காலையும் இரவும் லேகியம், சோற்றில் இரண்டு ஸ்பூன் நெய், வாரம் மூன்று நாள் ஆட்டுக்கால் சூப், இரண்டு சர்க்கரை போட்டு நாலு டீ. முதல் மூன்று மாதம் பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்கவே விடவில்லை.

அரைப்படி:
அப்படியானால் கணக்கு போட்டுவிடலாம். ஒரு கிலோ கொழுப்பு ஏறுவதற்குச் சுமார் 7,700 கலோரி கூடுதலாகப் போக வேண்டும். 5.5 கிலோவுக்கு 42,350. அதை 150 நாளால் வகுத்தால் தினம் 280 சொச்சம். இரண்டு ஸ்பூன் நெய் 90, இரண்டு வேளை லேகியம் ஏறக்குறைய 100 (வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும்தானே அது), நாலு டீயின் சர்க்கரை 160. சூப்பைச் சேர்க்காமலே கணக்கு தாண்டிவிட்டது. பத்தியம் என்ற பேரில் பிள்ளை பெற்றவளுக்குப் போடும் சாப்பாட்டைப் போட்டிருக்கிறார்கள். இதில் பால் கொடுக்கும் குழந்தையும் இல்லை, நடையும் இல்லை.

லேகியத்தை நாளையே நிறுத்தலாம். டீ இரண்டு, அரை ஸ்பூன் சர்க்கரை. எண்ணெயைத்தான் யாரும் அளப்பதில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 மி.லி. போதும், நெய்யும் அதற்குள் அடக்கம். நாலு பேர் உள்ள வீடென்றால் ஞாயிற்றுக்கிழமை அரை லிட்டர் பாட்டில் ஒன்றில் எண்ணெயை நிரப்பி அடுப்பருகே வையுங்கள். அடுத்த ஞாயிறு வரை தாளிப்பு, தோசை, பொரியல் எல்லாம் அதிலிருந்துதான். புதன்கிழமையே காலியானால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும் (தோசைக்கல்லில்தான் போகும்).

புரதம் தினம் 60 கிராம் வரட்டும். முட்டை இரண்டில் 12, மீன் 100 கிராமில் 18, ஊறவைக்கும் முன் 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8, தயிர் ஒரு கிண்ணத்தில் 6, பருப்பு 30 கிராமில் 7. மீதி இட்லி, சோறு, டீயின் பாலிலிருந்தே வந்துவிடும். சைவ நாளில் மீனுக்குப் பதில் மீல் மேக்கர் 30 கிராம், அதில் 15 கிடைக்கும். சோறு மதியம் மட்டும், அரிசியாக 60 கிராம்.

கொள்ளு விஷயம்: "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" சரிதான், ஆனால் அது கொழுப்பைக் கரைப்பதில்லை. 100 கிராமில் 22 கிராம் புரதம், நார்ச்சத்தும் நிறைய, அதனால் பசி தாங்கும். இருக்கிற சாப்பாட்டின் மேல் கஞ்சியையும் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும். காலை இட்லிக்குப் பதிலாகக் குடித்தால் பலன் உண்டு.

மாதம் ஒன்றரை கிலோ குறைந்தால் நல்ல வேகம்.

தசைநார்:
சிட்-அப் வேண்டாம். படுத்த நிலையிலிருந்து தலையும் தோளும் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, ஒரு பக்கம் தையலையும் மறுபக்கம் கீழே இடுப்புத்தளத் தசையையும் (சிறுநீர்ப்பை, யோனி எல்லாவற்றையும் அடியிலிருந்து தாங்கும் தசை) தள்ளுகிறது. கர்ப்பப்பை வாயும் எடுக்கப்பட்டவருக்குப் பிற்காலத்தில் யோனியின் மேல்முனை இறங்கும் வாய்ப்பு உண்டு, அதை நாமே வரவழைக்கக் கூடாது.

பதிலாக: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விடும்போது சிறுநீரை அடக்குவது போல அடியிலிருந்து மேலே இறுக்கி, தொப்புளை லேசாக உள்ளே இழுத்து 5 எண்ணும் வரை பிடிக்கணும். பத்து தடவை, தினம் மூன்று வேளை. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் எதிர்ப்பலன்தான். சர்ஜன் சரி என்றால் இப்போதே நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது 10, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 10, குதிகால் தூக்குவது 15, இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள். நடை 15 நிமிஷத்தில் ஆரம்பித்து வாரம் 5 நிமிஷம் கூட்டி 45-க்கு வரலாம். குடத்தை மட்டும் இப்போதைக்கு நிரப்பித் தூக்க வேண்டாம், நிறைகுடம் 15 கிலோ வரும். பாதிக் குடமாக இரண்டு நடை.

பெல்ட்டைக் கழற்றிவிடலாம். முதல் சில வாரம் இருமும்போதும் நடக்கும்போதும் தாங்கலுக்குத்தான் அது. கொழுப்பைக் கரைக்காது, மாதக்கணக்கில் போட்டால் வயிற்றுத் தசை வேலை செய்ய மறந்துவிடும். தையலுக்கு மேல் மடிப்பாகத் தெரிவதில் ஒரு பங்கு, தழும்பு அடித்தசையோடு ஒட்டி இழுத்துப் பிடிப்பதால் வருவது. தேங்காயெண்ணெய் தொட்டு இரண்டு விரலால் தழும்பை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்துங்கள், தினம் 5 நிமிஷம். தழும்பைச் சுற்றி மரத்துப் போயிருந்தால் உணர்ச்சி திரும்ப மாதங்கள் ஆகும்.

நிற்கவைத்து இருமச் சொல்லிப் பாருங்கள். தழும்பருகே முண்டாகப் புடைத்தால் குடலிறக்கமாக இருக்கலாம். அப்படியானால் உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு சர்ஜனிடம் காட்டணும்.

நுண்நோக்கி:
ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரை சராசரி), ஹீமோகுளோபின் மூன்றும் பார்த்துவிடுங்கள். ஏற்கனவே தைராய்டு மாத்திரை போடுகிறவராக இருந்தால் இன்னொன்று: ஆபரேஷனுக்குப் பின் கொடுத்த இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் காலையில் சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. நாலு மணி நேர இடைவெளி வேண்டும். சாப்பாடு குறைந்தும் வயிறு மட்டும் வேகமாகப் பெருத்தால் ஸ்கேன் எடுங்கள், சினைப்பை இருக்கிறது, நீர்க்கட்டி வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எடையை வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில். கூடவே இடுப்பளவும்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்ட பிறகு படிக்கவும். நம் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. தசை கூடும் வாரங்களில் எடை நகராது, டேப் நகரும்.

ரிப்போர்ட் வந்ததும் எண்ணை அப்படியே போடுங்கள். "நார்மல்னு சொன்னாங்க" என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.